பலகை இல்லாத ஆட்டம்

என் கணவர் முதன்முதலாக என்னோடு சதுரங்கம் ஆடியபோது, தன் ராணியை எடுத்து ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுத்தான் ஆடினார். கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. நான் ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். அண்ணன்மார் ஆடுவதை ஓரமாக உட்கார்ந்து பார்த்த அளவில்தான் எனக்கு அந்த விளையாட்டு தெரியும். அவர் சேலத்தில் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்த நாட்களில் ஆடித் தேர்ந்தவர். ராணி இல்லாமலே கால் மணி நேரத்தில் என் ராஜாவை மூலையில் மடக்கிவிட்டார்.

"அளுவாச்சி வருதா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. இன்னொண்ணு ஆடலாம்" என்றேன்.

அன்றைக்கு அவர் ஒரு விதி சொன்னார். தொடர்ந்து மூன்று ஆட்டம் நான் ஜெயித்தால் ஒரு படி ஏறலாம். முதல் படியில் அவருக்கு ராணி கிடையாது. இரண்டாம் படியில் ராணி வந்துவிடும், ஒரு யானை இருக்காது. அதற்கடுத்து ஒரு குதிரை மட்டும் இல்லாமல் ஆடுவார். அப்புறம் ஒரு சிப்பாய். கடைசியில் இரண்டு பேருக்கும் சமமான காய்கள்.

எங்கள் வீடு சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில், தார் ரோட்டிலிருந்து ஒரு மைல் உள்ளே, விவசாயக் காட்டுக்குள் இருந்தது. நாலு ஏக்கர், ஒரு கிணறு, மரவள்ளியும் நிலக்கடலையும். மாமனார் இறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் மாமியாரும் நாங்கள் இரண்டு பேரும்தான். கணவர் சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் எழுத்து வேலை பார்த்தார். காலையில் பஸ்சுக்குப் போனால் சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்புவார். வந்ததும் எங்கள் அறையில் பலகையை விரிப்போம். சிப்பாய்ப் படிவரை வர எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. சமமாக ஆடத் தொடங்கிய அன்று காய்களை அடுக்கிவிட்டு, எதையும் எடுத்து வெளியே வைக்காமல் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது எனக்குப் பெருமையாகவும் பயமாகவும் இருந்தது.

அந்தப் பலகைக்கு ஆயுசு அவ்வளவுதான். ஒருநாள் மாமியாரின் தங்கை வந்திருந்தார். கதவு திறந்திருந்ததால் எங்களைப் பார்த்துவிட்டார். மருமகள் புருஷனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து காய் நகர்த்துகிறாள், அதனால்தான் இன்னும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்று உறவுக்குள் சொல்லிவிட்டுப் போனார். மாமியார் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானே பலகையை எடுத்துப் பரணில் போட்டேன்.

மறுநாள் கணவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சமையற்கட்டைப் பார்த்துச் சொன்னார். "அம்மிணி, அடுத்த படிக்குப் போலாமா?"

"அதுக்கு மேல என்னங்க படி இருக்குது?"

"பலகை இல்லாம ஆடறது. காயும் வேண்டாம். வாயில சொல்லோணும், மனசுல வெச்சுக்கோணும்."

கட்டங்களுக்குப் பெயர் வேண்டுமே என்று யோசித்து, எட்டு வரிசைகளுக்கும் க, ங, ச, ஞ, ட, ண, த, ந என்று பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்துகளை வைத்தார். அதன் பின்னால் ஒன்றிலிருந்து எட்டுவரை எண். நான் அடுப்படியில் இருந்துகொண்டு "குதிரை ச-ஆறு" என்பேன். அவர் கட்டுத்தறியிலிருந்து "மந்திரி ங-அஞ்சு" என்பார்.

முதல் மாதம் எட்டு நகர்வுக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. தலைக்குள் பலகை கலங்கிவிடும். எந்த மூலையில் என் யானை நின்றது என்று தெரியாமல் குழம்புக்கு உப்பைப் போட்டேனா இல்லையா என்பதும் மறந்துவிடும். பிறகு ஒருநாள், மாவாட்டிக்கொண்டிருந்தபோது, தேடாமலே பலகை முழுசாகக் கண்முன் வந்து நின்றது. அறுபத்து நாலு கட்டமும் பளிச்சென்று. நான் பார்க்காத மூலையும் அங்கேயே இருந்தது. குழவியை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். உடம்பு சிலிர்த்தது இப்போதும் நினைவிருக்கிறது. அன்றைக்கு அதை வரம் என்று நினைத்தேன்.

மாமியாருக்கு இது என்னவென்று புரியவில்லை. "ரெண்டு பேரும் என்ன சாமி, பொழுதோட அரிச்சுவடி படிக்கறீங்க?" என்று கேட்பார். கணவர் சிரிப்பார். அந்த விளையாட்டில் பலகையோ காயோ யார் கண்ணுக்கும் படாததால் யாரும் குறை சொல்ல வழியில்லை.

பலகை இல்லாமல் அவரை ஜெயிக்க எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. அப்போதும் பத்துக்கு ஒன்றுதான். எனக்கு அது போதவில்லை. அடுத்த படியை இந்த முறை நான்தான் கேட்டேன். ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டம். ஒன்றில் நான் வெள்ளை, இன்னொன்றில் அவர் வெள்ளை. கிழக்காட்டம், மேற்காட்டம் என்று பெயர் வைத்தோம்.

"தலை தாங்காது அம்மிணி" என்றார்.

"நீங்கதானே படி ஏறச் சொல்லிக் குடுத்தீங்க" என்றேன். ஒத்துக்கொண்டார்.

அது புரட்டாசியில். நிலக்கடலை பிடுங்கிய சமயம் ஐப்பசிக் கடைசி. செடிகளைக் குவித்து வாசலில் காய் ஆய்ந்துகொண்டிருந்தோம். மாமியார் சற்றுத் தள்ளி முறத்தோடு உட்கார்ந்திருந்தார். கணவர் கடலைச் செடியை உதறியபடி, "மேக்கு. மந்திரி ச-ஏழு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "எந்த மந்திரிங்க? ண-நாலுல இருந்ததா? அதை முந்தாநேத்தே என்னோட குதிரை வெட்டிருச்சே."

அவர் கை நின்றது. கொஞ்ச நேரம் செடியையே பார்த்தார். "நீ ண-ன்னா சொன்ன? எனக்கு ந-ன்னு கேட்டுது" என்றார்.

என் குதிரை த-ஆறில் இருந்தது. அங்கிருந்து ண-நாலுக்கும் தாவலாம், ந-நாலுக்கும் தாவலாம். அதனால் சரி என்று விட்டுவிட்டேன். "வெட்டு" என்றும் சேர்த்துத்தான் சொல்லியிருந்தேன். அந்தச் சொல் எப்படி அவர் காதில் விழாமல் போயிருக்கும் என்று அன்றைக்கு நான் கேட்டுக்கொள்ளவில்லை. மந்திரி போனது போனதுதான் என்று ஆடினேன். அந்த ஆட்டத்தை ஜெயித்தேன். அடுத்ததையும் ஜெயித்தேன். கார்த்திகை முடிவதற்குள் தொடர்ந்து மூன்று ஆட்டம் ஜெயித்திருந்தேன்.

"மூணு ஆயிருச்சுங்க. அடுத்த படி என்ன?"

"இதுக்கு மேல படி இல்ல" என்றார். குரல் சோர்ந்திருந்தது. தோற்றதில் வருத்தம் என்று எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அந்த வருத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

அந்த நாட்களில் வேறு சிலவும் நடந்தன. காலையில் எழுந்ததும் தலை வலிக்கிறது என்று துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்வார். சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருப்பார். ஒருநாள் இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கி, இருட்டுவதற்குள் வந்துவிட வேண்டுமென்று வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார். பஸ்சில் தூங்கிவிட்டேன் என்றார். கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, திரும்பவும் வாளியை எடுத்துக்கொண்டு போனார். எல்லாவற்றையும் நான் பார்த்தேன். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை. அறுபத்து நாலு காய்களை இரண்டு பலகையில் மனசுக்குள் நிறுத்தி வைக்கத் தெரிந்த எனக்கு இந்த நாலு விஷயத்தைச் சேர்த்து வைக்கத் தெரியவில்லை.

மார்கழியில் ஒருநாள் அவருடைய சாப்பாட்டுப் பையைக் கழுவ எடுத்தேன். அடியில் மடித்த தாள்கள் இருந்தன. ஆபீஸ் ரசீதுகளின் பின்பக்கம் பென்சிலால் கட்டம் போட்டு, கட்டங்களுக்குள் ரா, யா, கு, சி என்று எழுதியிருந்தார். எங்கள் இரண்டு ஆட்டங்கள்தான். அழித்து அழித்து எழுதியதில் தாள் சில இடங்களில் கிழிந்திருந்தது. அப்படியும் தப்பாகத்தான் இருந்தது. கிழக்காட்டத்தில் எனக்கு மூன்று யானை போட்டிருந்தார்.

தாள்களை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். கணவர் மாமியாரோடு அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"இது பொய்யாட்டம் இல்லைங்களா? பலகை இல்லாம ஆடறதுன்னுதானே பேச்சு?"

அவர் தாள்களை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்காமல் சொன்னார். "முன்னயெல்லாம் கண்ணை மூடுனா தெரியுமில்ல அம்மிணி. இப்பப் பாதிப் பலகைதான் தெரியுது. அந்தப் பக்கம் வெள்ளையா கெடக்குது."

"பழகுனா வரும்னு நீங்கதானே சொன்னீங்க."

"சொன்னேன்."

"வேணும்னா ஒரு படி கீழ எறங்கிக்கறீங்களா?"

நான் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "வேண்டாம். ஆடலாம்" என்றார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கிணற்றடியில் கால் வழுக்கியவன் பிடிமானம் தேடுவதுபோல் இருந்தது. இதுவும் பின்னால் யோசித்துத் தெரிந்துகொண்டதுதான். அன்றைக்கு நான் உள்ளே போய், "கெழக்கு. யானை ஞ-ஒண்ணு" என்று சொல்லிவிட்டு அரிசி களையத் தொடங்கினேன்.

தை மாதம் பொங்கல் முடிந்த மறுவாரம், அவர் ஆபீசில் நின்றபடியே கீழே விழுந்தார், கைகால் இழுத்துக்கொண்டது. அங்கே நின்ற லாரியிலேயே ஏற்றிச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆபீஸ்காரர் ஒருவர் வந்து சொல்லி நானும் மாமியாரும் போய்ச் சேர்ந்தபோது மயக்கம் தெளிந்து படுத்திருந்தார். இளவயது டாக்டர் ஒருவர். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். பிறகு எங்களை வராந்தாவுக்கு அழைத்தார்.

"மறதி இருந்துதாம்மா? பேச்சுல, செய்கையில ஏதாவது மாத்தம்? எத்தனை நாளா?"

எத்தனை நாளாக என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். ண-நாலில் இல்லாத மந்திரியை அவர் நகர்த்திய சாயங்காலத்திலிருந்து. உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத கணக்கு அது. பக்கத்தில் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு வாரமா இருக்குமுங்க" என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. மூன்று மாதம் என்று சொல்லியிருந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பார். விளையாட்டைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் தடுமாறத் தடுமாற நான் ஜெயித்துக்கொண்டிருந்ததைச் சொல்லியிருக்க வேண்டும்.

தலைக்குள் கட்டி என்றார்கள். மெட்ராசுக்குக் கொண்டுபோய் அறுவைசிகிச்சை செய்தோம். மொட்டைத் தலையும் கட்டுமாகப் பங்குனியில் வீட்டுக்கு வந்தார். வலது கை வரவில்லை. பேச்சு அங்கங்கே வந்தது. என்னை அடையாளம் தெரிந்தது, பெயர் வராது. வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுப் படுக்க வைப்போம். ஆட்டத்தைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. கிழக்கும் மேற்கும் பாதியில் நின்றன.

ஆனியில் ஒரு மத்தியானம். கஞ்சியை ஆற்றிக் கரண்டியில் எடுத்து வாயருகே கொண்டுபோனேன். மாமியார் தலைமாட்டில் விசிறிக்கொண்டிருந்தார். கணவர் என் கண்ணைப் பார்த்து, தெளிவாக, பழைய குரலில் சொன்னார்.

"மேக்கு. குதிரை ட-அஞ்சு."

ஐந்து மாதம் நான் தொடாமல் வைத்திருந்த பலகை அந்தக் கணமே எழுந்து நின்றது. அவருடைய குதிரை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அங்கிருந்து ட-அஞ்சுக்குப் போகலாம். போனால் என் ராணிக்கும் யானைக்கும் ஒரே நேரத்தில் குறி வைக்கும். தப்பில்லாத நகர்வு. அவர் நன்றாக இருந்த காலத்தில்கூட அவ்வளவு அழகாக ஒன்றை எனக்கு எதிராக ஆடியதாக நினைவில்லை.

அவர் பதிலுக்குக் காத்திருந்தார். நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். ராணியை எங்கே கொண்டுபோவது என்று, கையில் கஞ்சிக் கரண்டியோடு, யோசித்துக்கொண்டிருந்தேன். நான் நிமிர்ந்தபோது அவர் கண்ணை மூடியிருந்தார். பிறகு அவர் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு வாரத்தில் போய்விட்டார்.

அடுத்த வருஷம் என் அண்ணன் ஒருவர் சொல்லிச் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்கில் எனக்கு வேலை கிடைத்தது. வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து எண் சொல்லிக் கூப்பிட வேண்டும். அறை ஒன்று எடுத்துத் தங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியாரைப் பார்க்கப் போய்வந்தேன்.

அங்கேதான் அது மறுபடியும் ஆரம்பித்தது. பட்டப்பகலில், கூட்டத்துக்கு நடுவில், "அஞ்சாம் நம்பர்" என்று கூப்பிடுவேன். உடனே பலகை வந்து நிற்கும். நான் கூப்பிட்டு வருவதில்லை, நான் போகச் சொன்னாலும் போவதில்லை. ட-அஞ்சில் குதிரை. அதன் எதிரே என் ராணி. காத்துக்கொண்டிருக்கிற ஒருவரின் மூச்சு. மூச்சு நிஜமாகவே என் வலது பக்கம் கேட்கும். திரும்பினால் சுவர் இருக்கும். டோக்கனுக்குக் கை நீட்டியவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொள்வதுண்டு. அந்த நகர்வுக்கு மூன்று பதில்கள் இருக்கின்றன. மூன்றையும் ஆடிப் பார்த்தாயிற்று. மூன்றிலும் தோற்றுவிடுவேன். ஆனாலும் சொல்லியிருக்கலாம். தோற்றிருக்கலாம்.

கிளினிக் டாக்டர் வயதானவர், பொறுமைசாலி. வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் கழித்து ஒருநாள் அவரிடம் கேட்டேன். யாரோ தெரிந்தவருக்கு என்று சொல்லித்தான் கேட்டேன். மூன்று மாதம் முன்னால் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரா?

"என்ன கட்டின்னு தெரியாம எப்படிம்மா சொல்றது? பிழைச்சும் இருக்கலாம். ஒண்ணும் மாறாமயும் இருந்திருக்கலாம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியாரிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துப் போனேன். அவர் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டேன். மந்திரியிலிருந்து ஆரம்பித்து டாக்டரிடம் சொன்ன பொய்வரைக்கும் சொன்னேன். அவர் கை நிற்கவேயில்லை. நான் முடித்த பிறகு உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டார்.

"எனக்குந் தெரியும் சாமி" என்றார்.

"என்ன தெரியுமுங்க அத்தை?"

"நீங்க அரிச்சுவடி படிக்கறப்ப முன்னயெல்லாம் அவன் வெடுக்குனு சொல்லுவான். அந்த வருசம் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். எனக்கு அர்த்தந் தெரியாது. அவன் கொரல் தெரியுமில்ல." அடுத்த கிழங்கை எடுத்தார். "கார்த்திகையில ஒருநா எங்கிட்ட வந்து, அப்பன் கெணத்துக்குப் போயிருக்குதான்னு கேட்டான். அவுங்கப்பன் செத்து எத்தனையோ வருசம்."

"என்கிட்டச் சொல்லலையே."

"அப்பன்காரன் வந்து கூப்புடறான்னு நெனச்சேன். சின்னப்புள்ள நீ, பயந்துக்குவீன்னு சொல்லல. கோயிலுக்குப் போயி மந்திரிச்சுக் கயித்தை வாங்கியாந்து அவன் தலகாணிக்குள்ள வெச்சுத் தெச்சேன். டாக்டரு கேட்டப்ப நீ ஒரு வாரம்னு சொன்ன. எனக்கு உசுரு வந்த மாதிரி இருந்துது. அப்ப நாம ஒண்ணும் தாமசம் பண்ணலைன்னு."

நாங்கள் இரண்டு பேரும் ஒரு கூரைக்குக் கீழே, ஒரே மனிதரைப் பார்த்தபடி, ஆளுக்கொரு பக்கம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தேன். அது இப்போது இரண்டு பேருடையதாக ஆயிற்று, அவ்வளவுதான்.

"கட்டல்ல படுத்துக்கிட்டு உங்கிட்ட என்னமோ சொன்னானே, நீ பதில் சொல்லல. அது என்ன சாமி?"

விளக்கிச் சொன்னேன். பட்டப்பகலில் அவர் மூச்சு இன்னும் என் பக்கத்தில் கேட்பதையும் சொன்னேன். குதிரை எப்படித் தாவும் என்று கிழங்குத் தோலைத் தரையில் வைத்துக் காட்டினேன். கவனமாகப் பார்த்தார். புரிந்ததா என்று தெரியவில்லை.

காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இரண்டு வருஷத்தில் மாமியார் சேலத்துக்கே என்னோடு வந்துவிட்டார். அஸ்தம்பட்டியில் ஓட்டு வீடு ஒன்று பிடித்தோம். அன்றைக்குச் சொன்னதைப் பற்றி நாங்கள் மறுபடி பேசிக்கொள்ளவில்லை. சில மத்தியானங்களில் நான் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கையில் பிசைந்த சோற்றோடு அப்படியே உட்கார்ந்துவிடுவேன். மாமியார் கொஞ்ச நேரம் பார்ப்பார்.

"வந்துட்டானா சாமி?" என்று மெதுவாகக் கேட்பார்.

"ஆமாங்க அத்தை."

அவர் எழுந்துபோய் இரைச்சல் வராமல் ரோட்டுப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, திரும்பி வந்து என் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்வார்.